சைக்கிள் பட்டறைக்கு ஆள் அனுப்பினேன்

அக்கரைச் சீமைக்குப் பிழைக்கப் போகிறவன், தான் யார் என்பதையும் தனக்கு என்ன வேலை தெரியும் என்பதையும், தன்னை அதற்குமுன் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவரிடம் நிரூபித்தாக வேண்டும். அதைக் காகிதத்தில் செய்துகொடுப்பது என் தொழில். கரையான்சாவடி ரோட்டில் ஒரு காபி ஹோட்டலை ஒட்டி மேஜை போட்டிருக்கிறேன். பிராது, கிரயம், மணியார்டர் எல்லாம் எழுதுவேன். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் எனக்குக் 'கப்பல் ரைட்டர்' என்றுதான் பெயர். இத்தனைக்கும் நான் கப்பலில் கால் வைத்தவன் இல்லை. துறைமுக கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டியதோடு சரி.

ஆபீஸ் வராந்தாவில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்று, 'நாளைக்கு வா' என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன அன்பர்களே, உங்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. நான் எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். போனவர்களும் உண்டு, திரும்பியவர்களும் உண்டு. நூம்பல் ஏகாம்பரத்தின் மனுவை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அதைத்தான் துண்டு துண்டாகச் சொல்லப் போகிறேன்.

கடை முதலா, ஆள் முதலா?

ஏகாம்பரம் நூம்பலில் பண்ணையாட்கள் குடியிருக்கும் தெருவில் பிறந்தவன். சிறு வயதிலேயே அங்கிருந்து நழுவி, பூந்தமல்லி பட்டாள முகாமில் எடுபிடியாகச் சேர்ந்து, சைக்கிள் ரிப்பேர் கற்றுக்கொண்டான். பிறகு ஒரு துரைக்குச் சமையலாளாகப் பினாங்கு வரை போய்ச் சில வருஷம் இருந்துவிட்டுத் திரும்பினான். அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் சைக்கிள்தானாம், ரிப்பேர் பார்க்கத்தான் ஆள் போதவில்லையாம். அங்கே மளிகை வைத்திருந்த ஒரு தமிழர் தம் கிடங்கின் முன்பாதியைப் பட்டறைக்கு விடச் சம்மதித்திருந்தார்.

தனியாகப் போவதென்றால் அவன் எப்போதோ போயிருப்பான். தன் தெருவைச் சேர்ந்த கன்னியப்பனையும் எத்திராஜையும் கூட்டிக்கொண்டுதான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தான். வயலில் வேலையில்லாத மாதங்களில் அவர்கள், ஊர் திரும்பியதும் அவன் போட்டிருந்த சைக்கிள் கொட்டகைக்கு வந்து தொழில் கற்றிருந்தார்கள். மற்ற மாதங்களில் தணிகாசலம் என்ற மிராசுதாரின் பண்ணையில் ஆட்கள். எத்திராஜ் ஒரு தடவை பட்டணத்துக்கு ஓடிப்போய் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பண்ணையிலிருந்து ஆள் போய்ப் பிடித்துக்கொண்டு வந்து, மறுநாளே தண்ணீர் இறைக்கும் ஏற்றத்தில் ஏற்றிவிட்டார்கள். கடல் தாண்டினால்தான் பண்ணையின் கை எட்டாது என்பது மூன்று பேருக்கும் அன்றைக்கே புரிந்துவிட்டது.

கூலிகள் பினாங்கு உள்பட மலாய் நாட்டுக்குப் போகக்கூடாது என்று உத்தரவு வந்திருந்த சமயம் அது. தொழில் தெரிந்தவர்கள் மட்டும் போகலாம். அதற்கும் அவர்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளிதான் மனுப் போட வேண்டும். முதலாளி என்றால், அங்கே கடை நடக்கிறது என்று காட்ட வேண்டும். ஆள் இல்லாமல் கடை நடக்காது. கடை நடக்காமல் ஆளை அழைத்துப் போக முடியாது. கப்பலேற அனுமதி கொடுக்கும் பட்டணத்து ஆபீஸின் குமாஸ்தா இதைக் கொஞ்சமும் சிரிக்காமல் எனக்கு விளக்கினார். நானும் சிரிக்காமல் வந்து ஏகாம்பரத்துக்கு விளக்கினேன். அவன் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டுக் கேட்டான்: "அப்போ கொயந்த பொறந்தாத்தான் தாலி கட்டலாம்ன்றாங்க. அப்டித்தானே ரைட்டரே?"

ஒரே கோட்டு

மளிகைக்காரர் பினாங்கிலிருந்து, பட்டறை திறந்தாகிவிட்டது, ஆள்தான் பாக்கி என்று எழுதி அனுப்பி அந்தச் சிக்கலைத் தீர்த்தார். அடுத்தது போட்டோ. பூந்தமல்லிக் கடைத்தெருவில் ஒரே ஒரு ஸ்டூடியோ இருந்தது. அதில் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது. முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழித்து நாடா வைத்துத் தைத்திருப்பார்கள். ஒல்லியானவனுக்கு இறுக்கிக் கட்டுவார்கள், தடியனுக்குத் தளர்த்திவிடுவார்கள். கல்யாணமானாலும் கருமாதியானாலும் எங்கள் வட்டாரத்து ஆண்பிள்ளை எவனும் அந்தக் கோட்டை மாட்டிக்கொள்ளாமல் படம் எடுத்துக்கொண்டதில்லை. அதுதான் மரியாதை என்று எல்லோரும் நினைத்தோம்.

மூவரும் அந்தக் கோட்டில் படம் எடுத்துக்கொண்டார்கள். குமாஸ்தா மூன்று படத்தையும் மேஜைமேல் பரப்பி வைத்துப் பார்த்தார். மூன்றிலும் இடது மார்பில் ஒரே கறை. இது ஏதோ ஏமாற்றுக் கும்பல் என்று முடிவு கட்டி, என்னையும் ஒரு மாதிரியாகப் பார்த்து, படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சரி, கோட்டே வேண்டாம் என்று அவரவர் பனியனும் துண்டுமாகப் படம் எடுத்துக்கொண்டு போனோம். இவர்களைப் பார்த்தால் கூலிகளைப் போல அல்லவா இருக்கிறது, தொழிலாளி என்று எழுதியிருக்கிறீரே என்றார்.

மூன்றாம் தடவை என் சட்டை ஒருவனுக்கு, காபி ஹோட்டல் சரக்கு மாஸ்டரின் சட்டை ஒருவனுக்கு என்று ஏற்பாடு செய்தேன். மாஸ்டரின் சட்டை எத்திராஜுக்குத் தொளதொளவென்று தொங்கியது. அதன் பித்தானைப் போட்டுக்கொண்டே அவன் சொன்னான்: "கோட்டு மாட்டுனா திருடன், கயட்டுனா கூலி. மன்சனா வர்றதுக்கு இன்னாத்தப் போட்டுக்கினு வரணும்னு அந்த ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுக்கினு வா ரைட்டரே."

நன்னடத்தை

அந்தப் படங்கள் ஒருவழியாகத் தேறின. அடுத்தது, இன்னார் எங்கள் கிராமத்தார், நல்ல நடத்தை உள்ளவர் என்று கிராம முன்சீப் கையெழுத்துப் போட வேண்டும். நூம்பல் பக்கத்துக்கு முன்சீப் வேறு யாரும் இல்லை, சாட்சாத் தணிகாசலம்தான். தன் பண்ணையாள் தன் பண்ணையை விட்டுப் போகத் தகுந்தவன் என்று அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். இதில் சர்க்காருக்கு எந்த விபரீதமும் தெரியவில்லை.

அவர் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. கடிந்து பேசியதும் இல்லை. நடவு முடியட்டும் என்றார். நடவு முடிந்ததும் களையெடுப்பு முடியட்டும் என்றார். அறுப்பும் முடிந்து களத்தைப் பெருக்கியான பிறகு என்னையும் ஏகாம்பரத்தையும் வீட்டுக்கு வரச் சொன்னார். எனக்கு பெஞ்சு போட்டார்கள். ஏகாம்பரம் வாசலுக்கு வெளியே மாட்டுக்கொட்டகை ஓரமாக நின்றான். பினாங்கு வரை போய் வந்தவனாயிற்றே என்று யாரும் அவனை உள்ளே கூப்பிடவில்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை.

பேச்சு மெதுவாக அவருடைய மகன் கங்காதரன்மேல் திரும்பியது. பையன் பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் தேறாமல் நசரத்பேட்டையில் சீட்டாடிக்கொண்டு திரிகிறான், வெளியூர் போனால் புத்தி வரும் என்றார். அவனையும் பட்டறை ஆளாக மனுவில் சேர்த்தால் மற்ற இருவருக்கும் அப்போதே கையெழுத்து. சைக்கிள் பட்டறைக்குச் சைக்கிள் தெரிந்தவன்தானே வேண்டும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஏகாம்பரம் வெளியிலிருந்து என்னைப் பார்த்துத் தலையை அசைத்தான், ஒப்புக்கொள்ளச் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தணிகாசலம் பேனாவைத் திறந்துகொண்டே சொன்னார்: "நானா ஆளுங்கள வுட மாட்டேன்னேன்? தாராளமா போவட்டும். எங்கூட்டுப் புள்ள ஒண்ணு கூட இருந்தா அவனுங்க மேல எனக்கும் ஒரு கண்ணு இருக்கும் பாரு, அதுக்குத்தான்."

எந்தக் கப்பல்?

உத்தரவு வருவதற்கு முன் ஆவடியில் கூலி ஆட்களைச் சேர்த்து வைக்கும் முகாம் இருந்தது. தோட்ட வேலைக்குப் போகிறவர்களை வரிசையாக நிறுத்தி உள்ளங்கையைத் திருப்பிக் காட்டச் சொல்வார்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையானால் கப்பல். வழவழப்பான கையானால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். எத்திராஜின் சித்தப்பா அப்படிக் கையைக் காட்டித்தான் ரப்பர் தோட்டத்துக்குப் போனார். இப்போது சட்டம் தலைகீழாகிவிட்டது. ஆனால் கையைப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. காய்ப்பு இருந்தால் அவன் கூலி, போகக்கூடாது.

அதனால் எங்கள் வட்டாரத்தில் ஒரு புது வழக்கம் கிளம்பியது. பட்டணத்து அதிகாரியைப் பார்க்க நாள் குறித்ததும், காலைத் தேய்க்கும் கல்லால் உள்ளங்கையைத் தேய்த்து, விளக்கெண்ணெய் தடவி, துணி சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கையில் துணியோடு எவனாவது ரோட்டில் போனால் 'எந்தக் கப்பல்?' என்று கேட்பது எங்கள் பக்கத்து வேடிக்கை.

கன்னியப்பனும் எத்திராஜும் கட்டிக்கொண்டார்கள். எத்திராஜ் பண்ணையில் நாள் முழுக்க வைக்கோல் கட்டைத் தலையில் சுமக்கிற வேலையாகப் பார்த்துக் கேட்டு வாங்கி, கையைக் காப்பாற்றினான். அவன் மனைவி முனியம்மாதான் சோறு பிசைந்து ஊட்டினாள். தெருவில் அவளை யாரும் சும்மா விடவில்லை. பெரிய கைக்குழந்தை என்று கேலி செய்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. புருஷன் போய்ச் சேர்ந்தால் அடுத்த வருஷம் தானும் போய்விடலாம் என்று நம்பியிருந்தாள். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டம்தானா என்று கேட்டாள். வேலைக்கென்று போனால் அவர்களுக்கும் இதுதான் என்றேன். அவள் தன் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். நாற்று நட்டும் கதிர் அறுத்தும் வெடித்த கைகள். பிறகு முந்தானையில் சுருட்டி மறைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்போ என்னிய பொண்டாட்டின்னே எய்திடு ரைட்டரே. வேலக்காரின்னு எய்துனா இந்த ஜென்மத்துல வுட மாட்டாங்க."

மனப்பூர்வமாகவா?

குறித்த நாளில் நால்வரையும் அழைத்துக்கொண்டு பட்டணத்து ஆபீசுக்குப் போனேன். கங்காதரன் பட்டு அங்கவஸ்திரமும் கைக்கடியாரமுமாக வந்திருந்தான். பஸ்ஸில் ஏகாம்பரத்துக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தும் உட்காராமல், பூந்தமல்லியிலிருந்து பட்டணம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தான். இவனா பட்டறையில் பக்கத்தில் குந்திக்கொண்டு வேலை செய்யப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதிகாரி நம்மவர்தான். தங்க விளிம்புக் கண்ணாடி. தமிழை அளந்து அளந்து பேசுவார். சட்டப்படி அவர் ஒவ்வொருவரையும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கேள்வி நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். ஏழைகளை ஏமாற்றியும் மிரட்டியும் கப்பலேற்றிய கங்காணிகள் அந்தக் காலத்தில் கொஞ்சநஞ்சமில்லை. நீ மனப்பூர்வமாகப் போகிறாயா, யாராவது உன்னைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்பதுதான் அந்தக் கேள்வி. கேட்டால் 'மனப்பூர்வமா போறேன்' என்று மட்டும் சொல், வேறு வாயைத் திறக்காதே என்று எத்திராஜ், கன்னியப்பன் இருவருக்கும் வழி நெடுக ஓதியிருந்தேன்.

எத்திராஜ் அப்படியே சொன்னான். அடுத்தது கன்னியப்பன். அவன் அதிகம் பேசாதவன். பண்ணையில் அவன் குரலைக் கேட்டவர்களே குறைவு. கங்காதரன் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து கடியாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். கன்னியப்பன் அவனை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் அதிகாரியைப் பார்த்துச் சொன்னான்: "போவச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தல தொரை. இங்கியே கெடன்னுதான் கட்டாயப்படுத்துறாங்க."

தகுந்த ஆள்

அதிகாரி அடுத்த காகிதத்தைப் புரட்டினார். கன்னியப்பன் சொன்னது அவர் கேட்ட கேள்விக்குள் அடங்காத பதில். கைகளைத் திருப்பச் சொன்னார். சில நாள் எண்ணெய் பல வருஷத்து மண்வெட்டியை என்ன செய்துவிடும்? தேய்த்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது. அடியில் காய்ப்பு அப்படியே இருந்தது. தேய்த்ததே தப்பாகப் போயிற்று. எதையோ மறைக்கப் பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

ஏகாம்பரம் பதறிப்போனான். ஸ்பானர் பிடித்தாலும் கை காய்க்கும், பம்பு அடித்தாலும் காய்க்கும், என் கையைப் பாருங்கள் என்று தன் கையை நீட்டினான். நீ முதலாளி, உன் கையைப் பார்க்கச் சட்டத்தில் இடமில்லை என்றார். வராந்தாவில் சேவகனுடைய சைக்கிள் நிற்கிறது, உங்கள் கண்முன்னாலேயே இவர்கள் அக்கக்காகக் கழற்றி மாட்டட்டும் என்று கெஞ்சினான். தம்மிடம் ஒப்படைத்த வேலை ஆளைப் பார்ப்பது, சைக்கிளைப் பார்ப்பதல்ல என்று அவர் அமைதியாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, அன்பர்களே. கெட்டவராக இருந்தாலாவது காலில் விழுந்து பார்க்கலாம். சரியாக வேலை செய்கிறவரிடம் என்ன செய்ய முடியும்?

பிறகு கங்காதரன் கையை நீட்டினான். மோதிரம் போட்ட, பூப்போன்ற கை. தொழில் தெரியுமா என்றார். தெரியும் என்றான். இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டான், அதுவும் வளைத்து வளைத்து அழகாக. அதிகாரியின் முகம் அன்று அப்போதுதான் மலர்ந்தது. கன்னியப்பனும் எத்திராஜும் சுவரோரம் நின்று, இன்னும் விரித்த கையை மடக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதங்களை இரண்டாகப் பிரித்து வைத்துவிட்டு அதிகாரி ஏகாம்பரத்திடம் சொன்னார்: "இந்த இருவரும் வயல் கூலிகள். உன் பட்டறைக்குத் தகுந்த தொழிலாளி இவர் ஒருவர்தான். இவரை அழைத்துக்கொண்டு போ."

கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஏகாம்பரம் போக வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தான். போகச் சொன்னவர்கள் கன்னியப்பனும் எத்திராஜும்தான். நீ போகாவிட்டால் மளிகைக்காரர் இடத்தை வேறு ஆளுக்கு விட்டுவிடுவார், நீ போய்க் கடையை நடத்திக் காட்டினால் எங்களுக்கு மறுபடியும் மனுப் போடலாம் என்றார்கள். நானும் அதையே சொன்னேன். மறுமனுவில் கிராம முன்சீப்பின் கையெழுத்து மறுபடியும் வேண்டும், அவ்வளவுதான். அது ஒன்றும் கஷ்டமில்லை, பையன்தான் கூடப் போகிறானே என்று தைரியம் சொன்னேன்.

கப்பல் புறப்படும் நாளில் தணிகாசலம் மகனுக்கு ரோஜா மாலையோடு துறைமுகத்துக்கு வந்தார். கங்காதரனுடைய இரும்புப் பெட்டி, படுக்கை, முறுக்கு டின், ஊறுகாய் ஜாடி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வந்தவர்கள் யார் என்கிறீர்கள்? கன்னியப்பனும் எத்திராஜும்தான். பண்ணைச் சுமை பண்ணையாட்கள்தானே தூக்க வேண்டும்? கேட்டில் போலீஸ்காரர் அவர்களை நிறுத்திவிட்டார். பிரயாணிகள் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. துறைமுகக் கூலிகளோ அன்றைக்கு வேறொரு கப்பலில் சரக்கு இறக்கப் போய்விட்டார்கள். பெட்டி தரையில் கிடந்தது. கங்காதரன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ஏகாம்பரத்தைப் பார்த்தார். வழக்கமாக அந்தப் பார்வைக்கு நூம்பலில் எவனும் ஓடிவந்து குனிவான்.

ஏகாம்பரம் தன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான். பிறகு திரும்பி, குரலை உயர்த்தாமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா கங்காதரா என்றான். சர்க்கார் எழுதிக் கொடுத்தபடி இனி நான்தான் உனக்கு முதலாளி, கப்பல் காத்திருக்காது என்றும் சொன்னான். கப்பல் ஊதியது. கங்காதரன் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். மாலை நசுங்கி இதழ்கள் உதிர்ந்தன. கன்னியப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எத்திராஜ் பொத்தாமலே சிரித்தான். எனக்கும் அத்தனை மாதத்து எரிச்சலும் அந்த ஒரு நிமிஷம் ஆறிப்போனது போலிருந்தது. அந்த நிமிஷத்தோடு சரி. கப்பல் பக்கம் போன இருவரும் கூட்டத்தில் மறைந்ததும் தணிகாசலம் திரும்பினார். யார் யார் சிரித்தது என்று அவர் பார்த்திருந்தார். எப்போதும்போல அப்போதும் கடிந்து பேசவில்லை. மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, ஊருக்குக் கிளம்பும் முன் அந்த இருவரிடமும் சொன்னார்: "சிரிச்சாச்சில்ல? காத்தால நாத்து புடுங்கணும், வந்துருங்க. என் கையெழுத்து இனிமே உங்க ரெண்டு பேருக்கும் கெடையாது."

தொழில் தெரிந்தவனை வயலில் நிறுத்தி, தெரியாதவனைத் தொழிலாளி என்று கப்பலேற்றி, இரண்டையும் சட்டம் பிசகாமல் செய்து முடிக்கும் ஒரு சர்க்காருக்கு மனு எழுதிப் பிழைக்கிறவன் நான் என்பதைத் தவிர, அன்பர்களே, என் தொழிலைப் பற்றிச் சொல்லிக்கொள்ள எனக்கு வேறு பெருமை ஒன்றும் இல்லை.